ஏழு கடலையும் ஒரு தட்டுச் சோறும்

என் மைத்துனன் மோகனசுந்தரத்திடம் மணி என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டுவிட்டுப் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

வேலந்தாவளத்தில், சந்தைக்குப் போகிற வழியில், வளக்கடை வைத்திருக்கிறான். உரக்கடையை எங்கள் பக்கத்தில் வளக்கடை என்போம். பாலக்காட்டுக்குக் கிழக்கே இருந்துகொண்டு நாலு சொல்லை மலையாளத்திலிருந்து வாங்காமல் காலம் தள்ள முடியாது. அவன் என் மனைவி செல்வப்பிரியாவின் தம்பி. என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்பிள்ளை என்பேன். கேலி செய்வதற்கென்றே ஏற்பட்ட உறவு இது. என் கடமையிலிருந்து நான் ஒருநாளும் தவறியதில்லை.

யாராவது கடைக்கு வந்து, "ஏனுங்க, பொட்டாஷ் வந்துருச்சுங்களா?" என்று கேட்பார்கள். வந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. இவன் சொல்ல மாட்டான். "நேத்தே வர வேண்டியதுங்க. லாரி டிரைவர் மணிகண்டன் இருக்காரு பாருங்க, அவரு வர்ற வழியில ஒரு எருமை பாக்கறக்கு நின்னுட்டாரு. அந்த எருமைக்காரரு மகளுக்கு அன்னைக்குக் கல்யாணம். கல்யாணத்துல என்னாச்சுன்னா, பந்தல் சாஞ்சு போச்சுங்க" என்று போய்க்கொண்டே இருப்பான். பந்தலில் ஏறியவன் இறங்கி வருவதற்குள் கேட்டவருக்குத் தலை சுற்றும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பந்தலை நிமிர்த்துவான், கல்யாணத்தை முடிப்பான், எருமையைக் கைமாற்றிவிடுவான், லாரியைக் கிளப்புவான், கடைசியில் பொட்டாஷை இறக்கிவிட்டுத்தான் வாயை மூடுவான். எதையும் தொங்கலில் விட்டதில்லை. கடைசியாகத் திறந்த கதையை முதலில் முடிப்பான், முதலில் திறந்ததைக் கடைசியில் முடிப்பான். எனக்கு அது ஒரு திறமையாகத் தெரியவில்லை. வியாதியாகத்தான் தெரிந்தது.

வேதியியலில் பி.எஸ்சி. முடித்தவன். தென்னந்தோப்பையும் கடையையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தக்காளி போடுகிறவர்கள் வந்து, "இந்த மூட்டைக்குள்ளார சத்து எவ்வளவு இருக்குது தம்பி?" என்று கேட்கக் கேட்க, இவனுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் லேப்டாப்பை விரித்துவைத்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டான். மூட்டையில் இருக்கிற சரக்கின் வேதி வாய்பாட்டை அடித்தால் போதும். எந்தத் தனிமம் எத்தனை அணு, மொத்த எடையில் அதன் பங்கு எவ்வளவு என்று திரையில் வந்து நிற்கும்.

நல்ல காரியம்தான். அதை வைத்துக்கொண்டு இவன் என்ன செய்தான் தெரியுமா? எப்சம் உப்பு வாங்க வந்தவர்களிடமெல்லாம், "இதுல பாதிக்கு மேல தண்ணிதானுங்க, படிகத்துக்குள்ளயே இருக்குது" என்று கணக்கைக் காட்டினான். பொய்யில்லை. ஆனால் மூட்டையில் பாதி தண்ணீர் என்று கடைக்காரனே சொன்னால் யார் வாங்குவார்கள்? அந்த மழைக்காலம் முழுக்க எப்சம் உப்பு மூட்டைகளின் மேல் கடைப்பூனை நிம்மதியாகத் தூங்கியது.

நிரலுக்கும் ஒரு நோய் இருந்தது. கால்சியம் நைட்ரேட்டை Ca(NO3)2 என்று எழுதுவார்கள். அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிற இரண்டு, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கும். அதுவரைக்கும் நிரல் சமாளித்தது. அடைப்புக்குறிக்குள் இன்னோர் அடைப்புக்குறி வந்துவிட்டால் மட்டும் அதற்குப் புத்தி பேதலித்துவிடும். உள்ளே நுழைந்ததும், வெளியே எண்ணி வைத்திருந்ததை மறந்துவிடும். பெயின்ட்டில் போடுகிற ஒரு நீலச் சாயத்தை வைத்து அவன் சோதித்துப் பார்ப்பான். அதன் வாய்பாடு Fe4[Fe(CN)6]3. சதுர அடைப்புக்குள் ஒரு வளைந்த அடைப்பு. ஒவ்வொரு தடவையும் நிரல் இரும்பைத் தொலைத்துவிட்டு முழித்தது.

"பெயின்ட் கடைக்காரன் படவேண்டிய கவலையை நீ எதுக்கு மாப்பிள்ளை படற?" என்று கேட்டேன்.

"ஒரு எடத்துல தப்பா எண்ணுச்சுன்னா அப்பறம் எந்தக் கணக்கை நம்பறதுங்க மச்சான்? இப்படித்தான் எங்க காலேஜுல ஒரு தராசு..." என்று ஆரம்பித்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்படிப்பட்டவனுக்கு எங்கே பெண் கிடைக்கும்? வயது முப்பத்தாறு ஆகிவிட்டது. ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா, "தோட்டம் எத்தனை ஏக்கருங்க?" என்று கேட்டார். இவன் கிணறு வெட்டின கதையிலிருந்து ஆரம்பித்தான். பாதியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதாக எழுந்து போன மனிதர், நாங்கள் கிளம்புகிறவரை மாட்டுச்சாளையை விட்டு வரவேயில்லை.

அப்புறம்தான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து யோகப்பிரியாவின் ஜாதகம் வந்தது. கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிற பெண். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பியவள் என்று பேச்சு. வந்தவர்கள் எல்லாரும் அவள் சம்பளத்தைக் கேட்டார்களாம். என்ன வேலை செய்கிறாள் என்று ஒருவன்கூடக் கேட்கவில்லையாம். எங்கள் மாப்பிள்ளை அதைக் கேட்டு நாலு நாள் அவள் செய்கிற வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். ஒரு சாயந்திரம் கடையில் என்னிடம் மட்டும் சொன்னான்.

"இந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிருச்சுன்னா, இனி நானு எந்த ஊட்டுலயும் போயி உக்கார மாட்டனுங்க மச்சான்."

அதற்குள் ஒரு கதையும் இல்லை. அவ்வளவுதான் சொன்னான். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. கிண்டல் செய்யக்கூட வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் காரை ஓட்ட, என் மனைவி செல்வி பின்சீட்டிலிருந்து தம்பிக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள். "ஆமாங்க, இல்லீங்க, அவ்வளவுதான் பேசோணும். போனதும் எதுக்கு வந்தம்னு நேரா ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துக்கோ. லேப்டாப்பை நானு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். அப்பறம், ரெண்டு பேருக்கும் சொல்றேன், காப்பி, பலகாரம், அதோட சரி. கை நனைக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் இது கட்டாயம். பெண் பார்க்கப் போன வீட்டில் சோறு சாப்பிட மாட்டோம். சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். ஊருக்குப் போய்க் கலந்து பேசி, இரு பக்கமும் சம்மதம் சொன்ன பிறகுதான் பந்தி. நானும் காலையில் இரண்டு இட்லியோடு வந்திருந்தேன் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பெண்ணின் அப்பா கருப்புசாமி வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க" என்றார். மாப்பிள்ளை கேட் அருகே நின்று கைகூப்பி, மனப்பாடம் செய்ததைத் தொடங்கினான். "நானு எதுக்கு வந்திருக்கறன்னா..."

அந்த நேரம் பார்த்து அவன் கண் கேட்டின் மேல் விழுந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்த கேட். நல்ல கருநீலம். "ஏனுங்க, இந்த நீலத்துக்குள்ளார ஒரு..." என்று ஆரம்பித்தவனைச் செல்வி பின்னாலிருந்து கிள்ளினாள். வாய் பட்டென்று மூடிக்கொண்டது. அவன் எதற்கு வந்தான் என்கிற விஷயம் அந்தரத்திலேயே நின்றுபோனது. ஜன்னலோரம் நின்றிருந்த ஒரு பெண் சிரிப்பதை நான் பார்த்தேன்.

உள்ளே உட்கார்ந்தோம். கிண்ணம் கிண்ணமாக மிக்சர் வந்தது. சமையலறையில் அரிசிம்பருப்புச் சோறு வேகிற வாசம் வேறு. அந்த வாசத்தில் உட்கார்ந்துகொண்டு மிக்சரைக் கொறிப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று கொங்கு நாட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

"கடை நல்லாப் போகுதுங்களா?" என்று கருப்புசாமி கேட்டார்.

"ஆமாங்க."

"தோப்பு சொந்தமா பாத்துக்கறீங்களா?"

"ஆமாங்க."

"சிகரெட்டு, கிகரெட்டு..."

"இல்லீங்க."

கருப்புசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "தம்பிக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? பேசினாலும் பெண் கிடைக்காது, பேசாவிட்டாலும் கிடைக்காது போலிருந்தது. மாப்பிள்ளையின் நெற்றியில் வேர்வை. இன்னும் ஐந்து நிமிடம் இப்படியே போனால் எழுந்து வந்துவிடுவோம், அதோடு அவன் கல்யாணமும் முடிந்தது.

யோகப்பிரியா காப்பியோடு வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே ஓடாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கேட்டு நீலத்தைப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே, என்னதுங்க அது?" என்றாள்.

செல்வி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தலையாட்டிவிட்டேன். ஆனது ஆகட்டும்.

நீலத்தில் தொடங்கினான். நீலத்துக்குள் வாய்பாடு, வாய்பாட்டுக்குள் நிரல், நிரலுக்குள் எப்சம் உப்பு மூட்டை, மூட்டைக்கு மேல் பூனை, பூனைக்குப் பிறந்த நாலு குட்டி, அதில் ஒன்றை வாங்கிப்போன தக்காளிக்காரர். கருப்புசாமி வாயைத் திறந்தபடி கேட்டார். யோகப்பிரியா மட்டும் ஏதோ கணக்குப் பார்ப்பவள் போலச் சத்தமில்லாமல் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். தக்காளிக்காரர் போய்ச் சேர்ந்தார், குட்டிகள் வளர்ந்தன, பூனை எழுந்தது, மூட்டை விற்றது, நிரல் இரும்பைத் தொலைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை நிமிர்த்தினாள். கடைசியில் நீலத்துக்கு வந்து நின்றான். அவள் கையில் ஒரு விரல் மட்டும் மடங்கியபடியே இருந்தது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"ஒரே கிண்ணத்துல எண்ணறீங்க, அதானுங்க தப்பு" என்றாள். "புதுசா ஒரு அடைப்பு தொறக்கறப்ப, அதுவரைக்கும் எண்ணுனதைக் கொட்டிட்டு அதே கிண்ணத்துல திரும்ப ஆரம்பிக்குது உங்க நிரல். கொட்டாதீங்க. அதுக்கு மேலயே இன்னொரு கிண்ணம் வெச்சுக்கோங்க."

மிக்சர் கிண்ணங்களை எங்கள் முன்னாலிருந்து எடுத்துக் காலி செய்தாள். நிலக்கடலை இரும்பு, பூந்தி கார்பன், பொட்டுக்கடலை நைட்ரஜன் என்றாள். முதல் கிண்ணத்தில் நாலு கடலை போட்டாள். சதுர அடைப்பு திறந்தது. அதன் மேல் இரண்டாம் கிண்ணம், அதில் ஒரு கடலை. வளைந்த அடைப்பு திறந்தது. அதன் மேல் மூன்றாம் கிண்ணம், அதில் ஒரு பூந்தி, ஒரு பொட்டுக்கடலை.

"இப்ப வளைஞ்சது மூடுது. வெளிய ஆறு நிக்குது. அப்ப மேல் கிண்ணத்துல இருக்கறதை ஆறு மடங்காக்கிக் கீழ் கிண்ணத்துல கொட்டிட்டு, அந்தக் கிண்ணத்தை எடுத்துருவேன்." கொட்டினாள். "அடுத்தது சதுரம் மூடுது. மூணு. இதையும் மூணு மடங்காக்கி அடியில கொட்டறேன். கடைசியா வெச்ச கிண்ணம் மொதல்ல வெளிய வரும். எங்க ஆபீசுல இதை ஸ்டேக்குன்னு சொல்லுவோமுங்க. அடுக்கு."

மாப்பிள்ளை அடிக் கிண்ணத்தைக் கையில் வாங்கி எண்ணினான். பூந்தி பதினெட்டு, பொட்டுக்கடலை பதினெட்டு. கடலை ஆறு. முகம் வாடிப்போனான். "நாலும் மூணும் ஏழுங்களே. இதுலயும் இரும்பு தொலையுதுங்க."

யோகப்பிரியாவும் எண்ணிப் பார்த்தாள். ஆறுதான். பிறகு எல்லாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் மென்றுகொண்டிருந்தேன்.

"இரும்பைத் தின்னுட்டீங்களே மச்சான்" என்றான் மாப்பிள்ளை.

பசித்தவன் முன்னால் கடலையை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால் வேறு என்ன நடக்கும்? யோகப்பிரியா சிரித்துக்கொண்டே இன்னொரு கடலை போட்டாள். ஏழு.

"உங்களுக்கு இது புதுசில்லீங்க" என்றாள் அவனிடம். "பூனையில இருந்து மூட்டைக்கும், மூட்டையில இருந்து நீலத்துக்கும் அப்படித்தான திரும்பி வந்தீங்க. நீங்க பேசற மாதிரியே எழுதுங்க, போதும். ஒண்ணே ஒண்ணு. முடியறப்ப அடிக் கிண்ணம் மட்டும்தான் இருக்கோணும். மேல ஏதாச்சும் மிச்சம் இருந்துதுன்னா, எதையோ தொறந்துட்டு மூடலைன்னு அர்த்தம்."

அந்தப் பேச்சுக்காக அவனைத் திட்டாதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது.

அப்புறம் எங்கே கிளம்புவது? அவள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் போனிலிருந்து நிரலை அதற்கு அனுப்பினான். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு, அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தார்கள். நானும் கருப்புசாமியும் தேங்காய் விலை பேசினோம். அது தீர்ந்ததும் மழை பேசினோம். அதுவும் தீர்ந்ததும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் தாண்டிவிட்டது. கிளம்பலாம் என்று செல்வி கண்ணைக் காட்டினாள். எழுந்து மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

இடது கை லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தது. வலது கை சோற்றில் இருந்தது.

எப்போது தட்டு வந்தது, யார் வைத்தார்கள், ஒன்றும் தெரியாது. அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், ஓரத்தில் அப்பளம். பாதித் தட்டு காலியாகியிருந்தது. கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல் அவன் பாட்டுக்குப் பிசைந்து உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் மோகனா" என்றாள் செல்வி. "கைய எடுடா."

அவன் கையைப் பார்த்தான். சோற்றைப் பார்த்தான். ரத்தம் சுண்டிப்போன முகத்தோடு எழுந்து நின்றான். கருப்புசாமியின் முகம் இறுகிவிட்டது. அவர் தரப்பில் யாரும் சரி என்று சொல்லவில்லை, கலந்து பேசவில்லை, அதற்குள் மாப்பிள்ளை கை நனைத்துவிட்டான். இதைவிடத் திமிரான காரியம் உண்டா? இந்தச் சம்பந்தம் இத்தோடு சரி என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"மன்னிச்சுக்கோங்க. பசியில கண்ணு தெரியலீங்க. காலையில என்னாச்சுன்னா, எங்க அக்கா..." என்று தொடங்கினான்.

"இன்னொண்ணு தொறக்காதீங்க" என்றாள் யோகப்பிரியா. "கேட்டுகிட்ட நின்னு மொதல்ல ஒண்ணு தொறந்தீங்க. நானு எதுக்கு வந்திருக்கறன்னா, அப்படீன்னு. அது இன்னும் மூடலீங்க."

அப்போது நிமிராமல் நின்ற அந்த ஒரு விரலை மறுபடி மடக்கிக் காட்டினாள். மாப்பிள்ளை சோற்றுக்கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். பந்தல், எருமை, பூனை எதுவும் அவன் உதவிக்கு வரவில்லை.

"உங்களைக் கட்டிக்கோணும்னு கேக்கறக்கு வந்தனுங்க" என்றான்.

கருப்புசாமி மகளைப் பார்த்தார். "அம்மிணி, தம்பிக்குச் சோறு போட்டது யாரு?"

"நாந்தானுங்க அப்பா."

"கை நனைச்சா என்ன அர்த்தம்னு தெரியுமல்லோ?"

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த அவள் அம்மா கமலாத்தாள்தான் பதில் சொன்னார். "நானும் அதைத்தானுங்க கேட்டேன். தெரிஞ்சுதான் போடறயா கண்ணுன்னு. தெரிஞ்சுதான்னு சொல்லிட்டு நெய்யும் ஊத்தி எடுத்துட்டுப் போனா."

கருப்புசாமி அந்தப் பாதித் தட்டைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பறம் மத்தவங்களும் எதுக்குப் பட்டினி? எல்லாருக்கும் தட்டு வெய்யி" என்றார். செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கை கழுவ முதல் ஆளாக ஓடினேன்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். திரையில் நிரல் ஏழு, பதினெட்டு, பதினெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. யோகப்பிரியா அகப்பையோடு பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

கிணறு வெட்டின கதை இதோ வருகிறது என்று நான் காதைத் தயார் செய்துகொண்டேன்.

"போடுங்க" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான்.